மஞ்சள் தலைக்கு வெயில்

என்னைச் சிலையாகச் செய்ய ஒருவர் விரும்பினார் என்று சொன்னால் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இன்றைக்கும் நம்பமாட்டார்கள். நானே நம்பவில்லை. உணவகத்தின் பின்கதவில் வந்து நின்று, "உம்மோட ஒரு விசயம் கதைக்கோணும்" என்று அந்த இத்தாலியப் பெண் சொன்னபோது, எங்கள் புகைபோக்கியைப் பற்றி முறைப்பாடு சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். முந்திக்கொண்டு அவருடைய தூசியைப் பற்றி நான் முறைப்பாடு சொன்னேன். பயம் வந்தால் நான் ஓடுகிறவன் அல்ல, கதைக்கத் தொடங்கிவிடுகிறவன். ஓடுகிறவனாவது ஓரிடத்தில் மூச்சு வாங்க நிற்பான்.

2009இல் அந்தத் தெரு அழுத அழுகை அடங்கி, கடைகள் மறுபடி பாட்டுப் போடத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் அங்கே ஒரு தமிழ் உணவகத்தில் சமையல். உணவகத்துக்குப் பின்னால் ஒரு முற்றம், முற்றத்தின் கடைசியில் முன்பு யாரோ கார் திருத்திய கொட்டகை. அதைத்தான் அவர் வாடகைக்கு எடுத்துச் சிற்பப் பட்டறை ஆக்கியிருந்தார். அவர் கல்லைத் தேய்க்கும் நாட்களில் எங்கள் ஜன்னலோரத்துக் கொத்தமல்லி நரைத்துப்போகும். நாங்கள் மீன் பொரிக்கும் நாட்களில் அவருடைய பட்டறை எப்படி மணக்கும் என்று நான் யோசித்ததில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடியது பிரெஞ்சு. அவருடையது இத்தாலிய வாசம் அடிக்கும் பிரெஞ்சு, என்னுடையது வெங்காய வாசம் அடிக்கும் பிரெஞ்சு. இங்கே அவரை யாழ்ப்பாணத் தமிழில் பேசவிட்டிருக்கிறேன். அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கோபிக்கமாட்டார்.

தூசி முறைப்பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தூசிக்கு மன்னிக்கோணும். உம்மட தலை எனக்கு வேணும்."

எனக்கு முதலில் நினைவு வந்தது சட்டைப்பைக்குள் இருக்கும் அடையாள அட்டை. பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து எவ்வளவோ காலமாகியும், யாராவது திடுக்கிடவைத்தால் என் கை தானாக அங்கேதான் போகும். அட்டையைத் தடவிக்கொண்டே, "என்ன குற்றத்துக்கு, மடாம்?" என்று கேட்டேன்.

விசயம் இதுதான். வடக்குப் புறநகர் ஒன்றில் புதிதாக ஒரு நூலகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் வாசலில் வைக்க, அந்தப் பக்கத்தில் வாழும் சாதாரண மனிதர் ஒருவரின் தலையைச் செய்து காட்டும்படி நகரசபை சிற்பிகளிடம் கேட்டிருந்தது. நான் குடியிருப்பது எபினேயில். நூலகம் வருவது அதற்குப் பக்கத்து ஊரில். ஆகவே நான் அந்தப் பக்கத்தவன். சாதாரணமானவன் என்பதற்கு அவர் வேறு சாட்சி தேடவில்லை.

"இந்தத் தலை தேறாட்டி, கோடையோட பட்டறையைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போறன்" என்றும் அன்றைக்கே சொன்னார். அவருடைய ஊர் கராரா. வெள்ளைப் பளிங்கு மலைகளின் அடியில் இருக்கிற ஊர். அங்கே அவருடைய அண்ணன் சமையலறை மேடைகளுக்கும் குளியலறைத் தொட்டிகளுக்கும் பளிங்கு வெட்டிக் கொடுக்கிறவர். தங்கைக்கு மினுக்கும் வேலை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதுவும் கல்லுவேலைதானே, மடாம்?"

"உம்மைச் சமைக்க விடாமல் சாகும்வரைக்கும் கோப்பை கழுவச் சொன்னால்?"

நானும் பாரிசுக்கு வந்த புதிதில் கோப்பை கழுவியவன். மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் வரை எனக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் வந்து உட்காருவதாகச் சொல்லிவிட்டேன்.

உட்காருவது என்று சொன்னது வாய்க்கொழுப்பு. ஒரு கதிரையில் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூக்கு அரிக்கும். முதுகு அரிக்கும். அரிப்பு நின்றதும் வாய் அரிக்கும். நான் கதைக்கக் கதைக்க முகம் நிற்காமல் அசைந்தது. ஒருமுறையாவது அவர் என்னை வாயை மூடச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தான் கதை சொல்லத் தொடங்கினார். நான் கேட்க வேண்டியதாயிற்று.

"பதினாலு வயசில பளிங்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனனான். முதல் வருசம் கல்லுத் தரேல்லை. ஒரு காது தந்தவை."

"யாற்றை காது?"

"பழைய சிலை ஒண்டின்ர காது. பிளாஸ்டரில வார்த்தது. அதைப் பார்த்துக் களிமண்ணில செய்யோணும். மாரி முழுக்க அதே காதுதான். வாத்தியார் வருவார், பார்ப்பார், கம்பியால ரெண்டா வெட்டிப்போட்டுப் போவார்."

"ஏனெண்டு கேக்கேல்லையே?"

"ஒருத்தன் கேட்டவன். அவன்ர காதை நாலா வெட்டினார்."

"கடைசியில?"

"ஒருநாள் வந்து பார்த்தார், வெட்டாமல் போனார். அடுத்தநாள் மேசையில மூக்கு இருந்தது."

நான் சிரித்த சிரிப்பில் கதிரை முறிந்திருக்கும். ஆனால் அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தக் காதைச் செய்து செய்துதான் தன் விரலுக்குக் கண் திறந்தது என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அதே ஊரில் கலைக்கழகம். அவருடைய வகுப்பில் கொரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்தவர்கள்தான் அதிகம், ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம். ஊர்ப் பிள்ளைகளின் அப்பாமாருக்கு மலை என்றால் லாரி, தூசி, இருமல். அவருடைய அப்பாவும் மலையிலிருந்து கல் இறக்கிய லாரிச் சாரதிதான். மகள் அந்தக் கல்லில் முகம் செய்யப் போகிறாள் என்றதும், "நான் கொண்டுவந்து இறக்கினதைத் திரும்ப உடைக்கப் போறாய்" என்று மட்டும் சொன்னாராம்.

படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய பட்டறையில் வேலை. உலகத்தின் பெயர்பெற்ற கலைஞர்கள் தங்கள் சிலைகளை அங்கேதான் செய்விப்பார்கள். கலைஞர் ஒரு சின்ன மாதிரியை அனுப்புவார். ரோபோக் கை ஒன்று தண்ணீர் பீச்சிக்கொண்டு பெருங்கல்லைக் கடையும். அது முடிந்த பிறகு மனிதக் கை போகும், கடைசித் தோலைச் செய்ய. இமையின் ஓரம், உதட்டின் பிளவு, நகத்தின் அடி. அவர் வருடக்கணக்காகத் தோல் செய்தார்.

"அப்ப அந்தச் சிலையைச் செய்தது ஆர், மடாம்?"

"உடம்பை ரோபோ செய்தது. தோலை நான் செய்தனான். அவர் கறுப்புக் கண்ணாடியோட வந்து கையெழுத்துப் போட்டவர்."

"எங்கட றெஸ்ரோரண்டும் அப்பிடித்தான். வெளியில முதலாளியின்ர படம். உள்ளுக்கை நான்."

அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். பாரிசுக்கு வந்த காரணமும் அப்போதுதான் வெளியே வந்தது: முழுவதும் தானே செய்த ஒரு முகமாவது ஒரு பொது இடத்தில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு மேடைக்கல் மினுக்குவதென்றாலும் பரவாயில்லை. அதற்கு முன்னால் என்றால் அது தோல்வி.

ஊர்ப் பட்டறைகளில் கல் செதுக்குகிறவர்கள் பழைய பத்திரிகையில் தொப்பி மடித்துப் போடுவார்களாம், தலைமுடிக்குள் தூசி இறங்காமல் இருக்க. அவர் எனக்கும் ஒன்று மடித்துத் தந்தார். லாச்சப்பல் கடைகளில் சும்மா கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையில் மடித்தது. அதைப் போட்டுக்கொண்டு மிளகாய் எடுக்க உணவகத்துக்குள் போனேன். காசாளர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். கழற்றிப் பார்த்தேன். நெற்றிக்கு நேரே யாரோ ஒரு பெரியவரின் படமும், அதற்குக் கீழே கண்ணீர் அஞ்சலியும். இத்தாலியத் தொப்பிக்கு எங்கள் பத்திரிகை பொருந்தாது. எந்தப் பக்கத்தை மடித்தாலும் ஒரு செத்தவீடு வெளியே வரும்.

நான் நித்திரை தூங்கத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். காலையிலிருந்து சட்டியோடு நின்ற கால், வயிற்றில் மிஞ்சின சோறு, அறையில் ஈரக் களிமண்ணின் குளிர்ச்சி. அவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் ஓய்ந்து, கண் பாதி மூடும். அந்த நேரம் பார்த்து அவருடைய கை கெதியாக ஓடும். களிமண் தலை முடிந்தபோது அதைச் சுற்றிவந்து பார்த்தேன். நல்ல மனிதர் ஒருவர் போலத்தான் இருந்தது. யாரென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அச்சு எடுத்தல். களிமண் நிற்காது, வெடிக்கும். அதைப் பிளாஸ்டருக்கு மாற்றவேண்டும். அவர் படித்த முறை இப்படி: களிமண் தலையின் மேல் முதலில் நிறம் கலந்த பிளாஸ்டரை மெல்லிய படையாகத் தெளிப்பது. அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டரைத் தடிப்பாக அப்புவது. இறுகியதும் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் களிமண்ணைத் தோண்டி எடுத்தால், உள்ளே முகத்தின் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்கு, ஒட்டாமலிருக்கச் சவர்க்காரம் பூசி, புதுப் பிளாஸ்டரை ஊற்றி, வெளியே இருக்கும் அச்சை உளியால் உடைப்பது. உடைத்துக்கொண்டு போகும்போது நிறப் படை தெரிந்தால், முகத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம், இனிக் கையை மெதுவாக்கு என்று அர்த்தம். நிறம் ஒரு மணி அடிப்பது மாதிரி. ஒரு தலைக்கு ஒரு அச்சுத்தான். பிழைத்தால் திரும்பச் செய்யக் களிமண்ணும் இல்லை, அச்சும் இல்லை.

அவர் அச்செடுக்கத் தயாரானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழுத்தில் களிமண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. நகரசபையின் தேர்வுக்குழு வருகிற வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறது. வாளியில் பிளாஸ்டர் இருக்கிறது, காவிப்பொடி டப்பா காலி. சிற்பச் சாமான் விற்கும் கடைகள் பூட்டு. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் தெரு பாரிசில் எது என்று உங்களுக்குத் தெரியும்.

"என்ன நிறமெண்டாலும் பரவாயில்லை. வெள்ளையா இல்லாட்டிச் சரி" என்றார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். மிளகாய்த்தூளா மஞ்சள்தூளா என்று ஒரு கணம் யோசித்தேன். என் முகத்தில் நானே மிளகாய்த்தூள் பூசுவதா என்று மஞ்சளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் விரலால் தொட்டு, மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "வடிவான நிறம்" என்று அள்ளிப் போட்டார். பொன் மாதிரி ஒரு குழம்பு வந்தது. களிமண் தலையில் அதைத் தெளித்தபோது அந்தக் கொட்டகைக்கே ஒரு கல்யாணக்களை வந்துவிட்டது. இருவரும் மகிழ்ச்சியாக இருந்தோம். இது முக்கியம், ஏனென்றால் பிறகு இல்லை.

களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு அவர் உள்ளே சவர்க்காரம் பூசினார். பூசப் பூச மஞ்சள் சிவந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்குமே, அந்தச் சிவப்பு. அவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது நல்ல சகுனம், மடாம்" என்றேன். என் வாய் அப்படிப்பட்டது.

அவர் பிளாஸ்டரை ஊற்றினார்.

அது இறுகியதும் எனக்கு ஒரு சின்ன மொட்டை உளி தந்து, பிடரிப்பக்கத்தை உடைக்கச் சொன்னார். முகத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொந்தத் தலையில் உளி வைத்து அடிக்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? தட்டத் தட்ட வெள்ளை ஓடு விழுந்தது. பிறகு நிறப் படை வந்தது. கையை மெதுவாக்கினேன். நிறப் படை உதிர்ந்தது. அதற்குக் கீழே வெள்ளை வரவேண்டும். மஞ்சள் வந்தது. இன்னும் கொஞ்சம் தட்டினேன். அங்கும் மஞ்சள். முன்பக்கம் போய்ப் பார்த்தேன். அவர் மூக்கையும் கன்னத்தையும் திறந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காவி என்றால் அச்சோடு போயிருக்கும். மஞ்சள் அப்படிப் போகிற பொருளா? ஈரப் பிளாஸ்டருக்குள் ஊறி, சவர்க்காரத்தோடு சேர்ந்து, நெற்றி முழுக்க மஞ்சளும், கன்னத்தில் சிவப்புத் திட்டுமாக என் தலை ஒரு கோயில் வாசலில் இருக்கவேண்டிய கோலத்தில் இருந்தது.

எனக்குப் பதற்றம் வந்த விதத்தை எழுதினால் என் பிள்ளைகள் வாசித்துச் சிரிப்பார்கள், எழுதுகிறேன். வாளித் தண்ணீரை எடுத்தேன், வைத்தேன். தேசிக்காயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். "புளி பட்டால் தோல் போயிடும்" என்று அவர் கையைத் தட்டிவிட்டார். வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாமே என்றேன். "நான் விரலால செய்ததெல்லாம் அதுக்குள்ள அடைபட்டுப்போகும்." அப்படியே காட்டினால்?

"நிறத்திட்டு இருந்தால் கண் அதிலயே நிண்டிடும். வடிவத்துக்குப் போகாது. வெள்ளையில வைச்சு எங்களுக்குப் படிப்பிச்சது அதுக்குத்தான்." தலையை ஒருமுறை சுற்றிவந்தார். "வடிவத்தில ஒரு பிழையுமில்லை. ஒரு உளி கூடப் படேல்லை. இந்த நிறம் போகோணும், அவ்வளவுதான்."

கொட்டகைக்குள் நின்றபடியே நான் மனதுக்குள் அவரைக் கராராவுக்கு அனுப்பி, குளியலறைத் தொட்டி மினுக்கவைத்து, அவருடைய அண்ணன் என்னைத் தேடி லாச்சப்பலுக்கு வருவதையும், நான் குளிர்பெட்டிக்குள் ஒளித்திருப்பதையும் பார்த்துவிட்டேன். மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உடுப்புத் தோய்க்கிற நேரம்.

"என்ர முகம் மஞ்சளாப் போச்சு" என்றேன்.

"செங்கமாரியோ? டொக்டரிட்டைப் போங்கோ."

"அந்த முகமில்லை. மற்ற முகம்."

முழுக் கதையையும் சொன்னேன். அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வெள்ளைச் சேட்டில கறி ஊத்திக்கொண்டு வருவியளே, அதுக்கு நான் என்ன செய்யிறனான்?"

"என்ன செய்யிறனீர்?"

"இவ்வளவு காலம் அதே சேட்டைத்தானே போட்டுக்கொண்டு திரியிறியள்! வெயிலில போடுறனான். மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. அந்தரப்பட்டு ஒண்டையும் உடைக்காமல், கொண்டுபோய் வெயிலில வையுங்கோ."

சிற்பிக்கு மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, "பிளாஸ்டர் காயவும் வெயில் நல்லது" என்றார். இருவரும் வெளியே வந்து மேலே பார்த்தோம். அந்த முற்றத்தில் வெயில் விழுந்ததாகச் சரித்திரமே இல்லை. நாலு பக்கமும் ஆறு மாடி.

ஆகவே என் தலை தெருவுக்கு வந்தது.

மரக்கறிக்கடையின் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, கீழே பழைய போர்வை விரித்து, தலையை மேலே இருத்தினோம். மே மாதம். மதியத்தில் புடைவைக்கடைப் பக்கம் வெயில் விழும். பிறகு மரக்கறிக்கடைக்கு நகரும். அதன்பின் தொலைபேசிக்கடை. வெயில் நகர நகர நானும் தலையைத் தள்ளிக்கொண்டு போனேன். என் ஓய்வு நேரம் முடிந்ததும் அவர் தள்ளினார். அந்த வாரம் முழுக்க இதுதான். எல்லாப் பக்கமும் வெயில் படவேண்டும் என்று அவர் இடைக்கிடை தலையைத் திருப்பி வைப்பார். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற என் பிடரி, தண்டனை வாங்கிய பிள்ளையின் பிடரி மாதிரி இருந்தது.

தெருவைச் சும்மா இருக்கச் சொல்ல முடியுமா?

"அண்ணை, சாமத்தியவீட்டுக்கு எங்களுக்குச் சொல்லேல்லையே?" என்று, பூப்புநீராட்டுக்கு மஞ்சள் பூசிய தலையைக் கண்டதுபோல், புடைவைக்கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார். "சேலை ஒண்டு எடுத்து வைக்கட்டோ?"

தொலைபேசிக்கடைக்காரர் பயந்தே போனார். "அண்ணை உயிரோட நிக்கிறார், அப்ப இது ஆருக்கு?" என்று பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் கேட்டார். ஒரு அம்மா கைப்பையைத் தோளுக்கு ஏற்றிவிட்டு, சப்பாத்தையும் கழற்றப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தபோது தலைக்குப் பக்கத்தில் என்னைக் கண்டார். கும்பிட்டதைத் திருப்பி எடுக்க வழியிருந்தால் எடுத்திருப்பார்.

எல்லோரும் ஒன்றை மட்டும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: "உங்களை மாதிரித்தான் கிடக்கு, ஆனா நீங்களில்லை. இது வாயை மூடிக்கொண்டெல்லோ இருக்குது." நானும் அதற்கு ஒரு பகிடி சொல்லிச் சமாளித்தேன்.

ஒருநாள் மழை தூறியது. பிளாஸ்டருக்கு மழை ஆகாது. நான் குடையைத் தலைக்குப் பிடித்தேன். என் தலைக்கு என்று எழுதினால் குழப்பம் வரும். பிளாஸ்டர் தலை நனையவில்லை, தசைத் தலை நனைந்தது. அவர் கடை வாசலில் நின்று அதை வரைந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்குப் பயமே இல்லையோ, மடாம்?"

"இருக்குது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். கை சும்மா இருக்கக் கூடாது."

நிறம் போய்க்கொண்டுதான் இருந்தது. முதலில் கன்னத்துச் சிவப்புப் போனது. பிறகு நெற்றி வெளுத்தது. தேர்வுக்குழு வரவேண்டிய நாளில் நாடிக்குக் கீழேயும் காதுகளுக்குப் பின்னாலும் மட்டும் கொஞ்சம் மஞ்சள் நின்றது. மதியத்து வெயிலில் கடைசிப் பங்கையும் வாங்கிவிடலாம் என்று தலையை மரக்கறிக்கடைக்கு முன்னால் சரித்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நூலகத்துக்குப் பொறுப்பான ஒரு உயரமான பெண்மணியும், நகரசபையிலிருந்து ஒரு கனவானும் முற்றத்தின் கதவிலக்கத்தைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னால். இந்த நாட்டில் அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

தலையை வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பின்னால் மறைக்கலாமா என்று யோசித்தேன். சிற்பி அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர்களுக்குக் கை கொடுத்து, "வாங்கோ, இஞ்சைதான் இருக்குது. இஞ்சை வெளிச்சம் நல்லம்" என்று நடைபாதையிலேயே கூட்டிக்கொண்டு வந்தார்.

கனவான் குனிந்து நாடிக்குக் கீழே பார்த்தார். "இது என்ன?" என்றார்.

"மஞ்சள். அச்செடுத்த நிறம். போய்க்கொண்டிருக்குது" என்றார் சிற்பி, பேருந்து வந்துகொண்டிருக்கிறது என்பது போல. கனவான் மோந்து பார்த்தார்.

பெண்மணிக்கு மஞ்சள் பிரச்சினை இல்லை. அவர் தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தலையைப் பார்த்தார். "நல்ல வேலை. ஆனால் இவர் சிரித்துக்கொண்டே இருக்கிறாரே. ஒரு இடத்தில் நிற்கவும் மாட்டேன் என்கிறார். நீங்கள் செய்திருப்பது வேறு ஆளை" என்றார்.

"நான் அவரின்ர பகிடியைச் செய்யேல்லை. அவரைச் செய்தனான்."

"இதில் இவரை இவருடைய ஆட்களே கண்டுபிடிக்காவிட்டால்? நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு யாரோ ஒருவரைக் காட்ட நாங்கள் விரும்பவில்லை."

தெரு முழுக்க அந்த வாரம் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். மஞ்சளுக்குப் பயந்து நாங்கள் தெருத்தெருவாகத் திரிந்தபோது, வேறு கதவால் தோல்வி உள்ளே வந்துகொண்டிருந்தது. சிற்பி ஒரு கையைத் தலையின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். நான் வண்டியில் விரித்த போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

மெத்ரோப் பக்கமிருந்து என் மனைவி வந்தாள். அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மஞ்சள் போனதா என்று பார்க்க வந்தவள். அந்த இருவரும் யாரென்று அவளுக்குத் தெரியாது. நேரே வண்டிக்குக் கிட்டப் போனாள். நாடிக்குக் கீழே பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்பி என்னிடம் கேட்டாள்: "காலோ, முதுகோ?"

"என்ன கால்?"

"இண்டைக்கு எங்கை நோகுதெண்டு கேக்கிறன்."

பெண்மணி அவள் என்ன கேட்கிறாள் என்று என்னிடம் கேட்டார். எவ்வளவோ பேருக்கு நகரசபையிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்த்தவன் நான். அன்றைக்கு எனக்கு மொழி வரவில்லை. மனைவிதான் சொன்னாள், தன்னுடைய அலுவலகப் பிரெஞ்சில்:

"இவர் வேலையால வந்து, சப்பாத்துக் கழட்டிப்போட்டுக் கதிரையில இருக்கேக்கை இந்த முகம்தான். எழும்பிச் சாப்பிட வரேக்கை போயிடும். வீட்டில நாங்கள் மட்டும்தான் பார்க்கிறனாங்கள். தனக்கு இப்பிடி ஒரு முகம் இருக்கெண்டு இவருக்கே தெரியாது." பிறகு சிற்பியைப் பார்த்து, "நீங்கள் எப்பிடிப் பிடிச்சியள்?" என்றாள்.

"நித்திரை தூங்கேக்கை" என்றார் சிற்பி.

அந்த உயரமான பெண்மணி தலையை இன்னொருமுறை சுற்றிவந்தார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் பார்த்தார். கனவான் தொலைபேசியால் படம் எடுத்தார். முடிவைப் பிறகு அறிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மரக்கறிக்கடைக்காரர் தன் வண்டியைத் திரும்பக் கேட்டார்.

கோடை தொடங்குமுன் தொலைபேசி வந்தது. நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தைக் கடந்து அவர் ஓடிவந்த வேகத்தில் பிளாஸ்டர்த் தூசி அவருக்குப் பின்னால் ஒரு முகில் மாதிரி வந்தது. எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது மட்டுமல்ல, தலை மட்டும் போதாதாம். வாசலில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருக்கிற முழு ஆளாகச் செய்து, வெண்கலத்தில் வார்த்து வைக்கவேண்டுமாம். ஒரு வருடத்துக்குக் குறையாத வேலை. பட்டறையைப் பூட்டவேண்டியதில்லை.

என் சமையலறை வாசலில் நின்றபடியே அண்ணனைக் கூப்பிட்டார். இத்தாலிய மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒருவர் நெடுநேரம் சத்தம் போட்டதும், பிறகு குரல் தணிந்து ஏதோ கேட்டதும், இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்ததும் எந்த மொழியிலும் விளங்கும். மினுக்கும் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் நான் பட்டறைக்குப் போனபோது நடுவில் ஒரு வாங்கு போட்டிருந்தது. பக்கத்தில் மின்சாரக் கணப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. வெளியில் கொளுத்துகிற வெயில்.

"இது என்னத்துக்கு, மடாம்?"

"உமக்குக் குளிரும். உடுப்பைக் கழட்டும்."

"சிலைக்கு உடுப்பு இருக்குதுதானே? சேட்டும் காற்சட்டையும் எண்டுதானே சொன்னவை?"

"முதல் உடம்பு. பேந்துதான் அதுக்கு மேல களிமண்ணில சேட்டு. உள்ளுக்கை உடம்பில்லாட்டிச் சேட்டு சும்மா துணிதான். எங்களுக்கு அப்பிடித்தான் படிப்பிச்சவை."

என் வயிற்றைக் குனிந்து பார்த்தேன். இத்தனை வருடத்து மிஞ்சின சோறும் அங்கே பத்திரமாக இருந்தது. கராராவிலிருந்து கொரியா வரை எத்தனையோ பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக நல்ல உடம்புகளைப் பார்த்துப் படித்திருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் இது ஒரு மரியாதைக் குறைவல்லவா என்று கேட்டேன். கதவுப் பக்கத்தையும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டேன். மனைவிக்குத் தொலைபேசி எடுத்து அனுமதி கேட்கவேண்டும் என்றேன். எடுத்தேன். அவள் சிரித்து முடியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அரைக்காற்சட்டையோட இருங்கோ. கிழிஞ்சதைப் போட்டுக்கொண்டு போய் மானத்தை வாங்காமல், நல்லதொண்டைப் போட்டுக்கொண்டு போங்கோ" என்று வைத்துவிட்டாள்.

"அந்தரப்படாதையும்" என்றார் சிற்பி, கம்பிச் சட்டத்தில் முதல் பிடிக் களிமண்ணை அறைந்தபடி. "எனக்கு இனி அவசரமில்லை."

நான் மேல் பொத்தானைக் கழற்றினேன். இரண்டாவதற்குக் கை போகுமுன் ஒரு பகிடியைத் தொடங்கினேன். அவர் அடுத்த பிடியை எடுத்தார்.